நூதனசாலைக்கு வந்த மாமியார்

இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற ஊருக்கு முன்னால் ரயில் நின்றபோது, இதோ கிளம்பிவிடும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். தண்டவாளத்தில் மண் சரிந்து கிடக்கிறதாம். எதிரே உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா என்னைப் பார்த்து மகளிடம் ஏதோ சொன்னார். மகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "பசியோடு இருக்கிறவருக்குத்தான் ரயில் நிற்பது உறைக்குமாம். அம்மா சொல்கிறார்." சிவப்பரிசிச் சோறும் பலாப்பிஞ்சுக் கறியும் என் மடிக்கு வந்தன. பலா என்றால் பழம் என்று மட்டும் அறிந்த மதுரைக்காரன் நான். அந்தக் கறியை வழித்து நக்கியபின் ரயில் எப்போது கிளம்பினால் என்ன என்று ஆகிவிட்டது.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மதுரையில் கணினி சொல்லிக்கொடுக்கும் மையம் ஒன்று நடத்துகிறேன். தமிழ்க் கணினி ஆர்வலர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் எங்களுக்கெல்லாம் கட்டற்ற மென்பொருள் பைத்தியம். ஒருநாள் பதுளையிலிருந்து புஷ்பம் என்ற டீச்சர் எழுதியிருந்தார். தங்கள் தேயிலைத் தோட்டத்தில் சின்னதாக ஒரு நூதனசாலை வைத்திருக்கிறார்களாம். பொருள்களைப் பதிந்து வைக்கவும், வெப்சைட்டில் காட்டவும் இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நம் ஊர் அருங்காட்சியகத்தைத்தான் அங்கே நூதனசாலை என்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. "தாராளமாகக் கிடைக்கும். திறந்த மூல மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம்" என்று வீராப்பாகப் பதில் போட்டேன். "அப்ப வந்து போட்டுக் குடுத்துட்டுப் போங்க சார்" என்று திரும்பி வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பையில் இரண்டு மென்பொருள்கள் குறுந்தகடாக இருந்தன. எது சரி என்று எனக்கே தெரியாது. ஒன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்காகச் செய்தது; பதிந்ததை அதுவே வெப்சைட்டிலும் காட்டிவிடும். ஒரு பொருளைப் பதிவதற்குள் ஆயிரம் கேள்வி கேட்கும். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த அலமாரி, எந்தத் தட்டு? பதில் சொல்லாமல் நகர்ந்தால் அந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு முறைக்கும். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தேன். மற்றது வெப்சைட் கட்டுகிற மென்பொருள். எதைக் கொடுத்தாலும் "சரி மச்சான்" என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும், அப்புறம் தேடினால் கைவிரிக்கும். அதற்குப் பெயர் மச்சான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

பதுளையில் துணிக்கடை கந்தசாமி முதலாளி தன் கடை மாடியில் தங்க இடம் கொடுத்தார். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்டவர். "தம்பி, டீ குடிங்க" என்று அவர் நீட்டியதை ஆசையாக வாங்கினேன். சுற்றிலும் தேயிலை மலை, பசும்பால் ஊற்றி மணக்க மணக்க வரப்போகிறது என்று நினைத்தால், மாவுப் பால் கலந்த டீ! மதுரையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் இதைப் பார்த்தால் கடையை மூடிவிட்டு அழுவார். "நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிடும் தம்பி. நமக்குத் தூசிதான்" என்றார் முதலாளி. இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்து ரொட்டி வந்தது. அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் தோட்டத்துக்கு பஸ். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறி, அதற்கு மேலும் வளைந்து வளைந்து போய், ஒரு முடக்கில் புகையைக் கக்கிவிட்டு நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ கத்த, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "தள்ளுற மாதிரி நடிக்க வேணாமாம், ஒங்களத்தான் சொல்றாரு." நான் உண்மையிலேயே தள்ளிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

புஷ்பம் டீச்சர் வளைவிலேயே காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் கான்வாஸ் சப்பாத்து. அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிறவர்.

"வாங்க சார். பஸ்ஸு தள்ளினீங்களா? அப்ப நீங்க நம்ம ஆளாயிட்டீங்க" என்றார்.

நூதனசாலை இருந்தது பழைய பிள்ளைக் காம்பராவில். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. புதிதாக ஒன்று கட்டியபின் இது சும்மா கிடந்ததாம். உள்ளே போனதும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளி, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ஆளுயரக் குத்துவிளக்கு, உரல், இரண்டு பெரிய அண்டாக்கள், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் ஒன்று விட்டுப் போன தகரப்பெட்டி. நடுவில் ஒரு ஆணியில் பெரட்டுத் தப்பு என்கிற பறை தொங்கியது. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டுவதைத்தான் பெரட்டு என்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தத் தப்பை அடித்துத்தான் லயத்தை எழுப்பினார்களாம்.

"இதெல்லாம் யார் கொடுத்தது டீச்சர்?"

"குடுக்கல சார், வச்சிருக்காங்க. 'சாமான் ஒங்களோடதுதான், எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்'னு வாக்குக் குடுத்துத்தான் வீடு வீடாப் போய் வாங்கினேன். இல்லாட்டி யாரு தருவாங்க?"

பிரச்சினை என்னவென்றால், தோட்டத்து மானேஜருக்கு, அதாவது துரைக்கு, இந்த அறை உரம் அடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பார்க்கும்போது முறையான நூதனசாலையாக, கம்ப்யூட்டரும் பதிவும் வெப்சைட்டுமாக இருந்தால் அறையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டீச்சரின் நான்கு வருட உழைப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்த வந்த ஆள் நான். எனக்கோ மாமியாரா மச்சானா என்றே தெரியவில்லை.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கம்ப்யூட்டரில் முதலில் மச்சானைப் போட்டுப் பார்த்தேன். நாலு கம்பளியைப் பதிந்துவிட்டு, முனியாண்டி வீட்டுக் கம்பளி எது என்று தேடினால் நாலையும் கொண்டுவந்து நிறுத்தியது. அது சரிப்படாது என்று மாமியாரைப் போட்டேன். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துரு போட்டு அதைச் சரிசெய்தால், அடுத்தது 'உரிமையாளர்' என்ற இடத்தில் சிவப்பு நட்சத்திரம்.

"இந்தத் தப்பு யாருடையது?"

"மூணாம் லயத்தோடது."

"லயத்தில் யாருடையது?"

"லயத்தோடது சார்!"

மாமியாருக்கு லயம் செல்லாது. ஒரு ஆளோ ஒரு நிறுவனமோதான் வேண்டும். உரலைக் கேட்டால், மாரியாயி வீட்டு வாசலில் கிடந்தது, ஆனால் எல்லாரும் இடிப்பார்கள் என்றார். இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றுக்கும் உரிமையாளர் 'நூதனசாலை' என்று தட்டினேன். மாமியார் சாந்தமானாள். டீச்சர் அப்போது எங்களுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். அவர் கொண்டுவந்த அந்த மிளகாய்ச் சம்பலின் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வர வர, வேலை மளமளவென்று ஓடியது.

சாயங்காலம் துரை வந்தார். அரைக்கால் சட்டை போட்ட இளம் சிங்களவர், மரியாதையான மனிதர். கூடவே பெரிய கிளாக்கர் நடராசா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இந்தியாவில இருந்தோ வந்தனீங்கள்? நல்லது, நல்லது" என்று கைகொடுத்தார்.

துரை திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'உரிமையாளர்' வந்ததும் விரலை வைத்து ஏதோ கேட்டார். கிளாக்கர் மொழிபெயர்த்தார்: "எல்லாம் நூதனசாலைக்குச் சொந்தமோ எண்டு கேக்கிறார். நூதனசாலை தோட்டத்துக் கட்டடத்தில இருக்கிறபடியா, தோட்டத்துச் சொத்து எண்டு கொழும்பு ஆக்களுக்குச் சொல்லலாமாம். அவருக்கு நல்ல சந்தோசம்."

எனக்கும் நல்ல சந்தோஷம்தான். திரும்பி டீச்சரைப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

அடுத்த நாள் காலையில் போனால் கதவு திறந்து கிடக்கிறது. ஆணியில் தப்பு இல்லை. குத்துவிளக்கு இல்லை. இரண்டு பெரிய அண்டாக்களும் இல்லை. அட கடவுளே! ஊர்விட்டு ஊர் வந்து, சோதனைச் சாவடியெல்லாம் தாண்டி, கடைசியில் திருட்டு வழக்கில் மாட்டப்போகிறேன்! நேற்றுக் கடைசியாக அறையைப் பூட்டியவன் நான். லயத்துப் பக்கம் ஓடினேன்.

டீச்சர் எதிரே வந்தார். "எதுக்கு சார் ஓடுறீங்க?"

"டீச்சர், எல்லாம் போச்சு! களவு! தப்பு, விளக்கு..."

"மூணாம் லயத்துல ஒரு ஆயா தவறிட்டாங்க சார். சாவு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. எங்கிட்ட இன்னொரு சாவி இருக்குல்ல?"

உயிர் போய் உயிர் வந்தது. அவர் பின்னாலேயே போனேன். லயத்து வாசலில் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் எங்கள் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் அண்டாவில் பால் விடாத பிளேன்டீ கொதித்தது. ஓரத்தில் அந்தக் கம்பளிக்கார முனியாண்டி சருகைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். தோல் விறைத்தால்தானே சத்தம் கிளம்பும்? முந்தின நாள் மாமியார் சொன்னபடி நான் எண் எழுதிக் கட்டிய அட்டை அதிலேயே தொங்கியது. நான் பார்க்கப் பார்க்கவே அது தீயில் சுருண்டு கருகி விழுந்தது.

தடுக்க வாயெடுத்தேன். என்ன சொல்லித் தடுப்பது? அரும்பொருளை நெருப்பில் காட்டாதீர்கள் என்றா? அதை நெருப்பில் காட்டாமல் இருந்தால் அது என்ன பொருள்? முனியாண்டி அடிக்கத் தொடங்கியதும் அழுதுகொண்டிருந்த பெண்கள் எழுந்து மாரடித்தார்கள். அறையில் ஆணியில் பார்த்த அந்தப் பொருளா இது என்று நின்றுவிட்டேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் முனியாண்டி நேராக டீச்சரிடம் வந்தார்.

"என்னா டீச்சர், நம்ம தப்பத் தோட்டத்துக்கு எழுதிக் குடுத்துட்டீங்களாமே? பெரிய கிளாக்கரு சொல்றாரு."

"நா அப்படிச் செய்வேனா அண்ணே?"

"நீங்க செய்ய மாட்டீங்க. கம்பியூட்டர்ல அப்படித்தான் இருக்காமே? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அப்புறம் அவங்கவங்க சாமான அவங்கவங்க எடுத்துக்குறோம். கோவிச்சுக்காதீங்க."

டீச்சர் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ரொம்பக் கேவலமா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. கரண்ட் வந்து வந்து போனது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாமியாரின் வயிற்றைத் திறந்தேன். அதாவது, அந்த மென்பொருளின் நிரல்.

"அதுக்குள்ள கை வைக்கலாமா சார்? செஞ்சவங்க ஏச மாட்டாங்களா?"

"ஏச மாட்டாங்க டீச்சர். யாரும் எடுத்துத் தேவைக்கு மாத்திக்கலாம். மாத்தினதை மத்தவங்களும் எடுத்துக்கலாம். திறந்த மூலம்னா அதுதான்."

அவர், "அண்டா மாதிரியா?" என்று கேட்டார்.

"என்னது?"

"அண்டாவ எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் எடுக்கலாம். பொத்தலா இருந்தா, எடுத்தவங்க அடச்சு வைப்பாங்க. அடுத்த வீட்டுக்கும் அது ஒதவும்."

மையத்தில் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் பலகை பலகையாக எழுதுவேன். இனி அண்டா என்று சொல்லிவிடலாம்.

நிரலைத் திறந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஒரு இடத்தில் நட்சத்திரத்தை எடுத்தால் இன்னொரு இடத்தில் முளைத்தது. ஒருமுறை எல்லாப் பொருளும் காணாமல் போய், திரும்ப வரும்வரை நான் மூச்சே விடவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒருவழியாக அடங்கியது. உரிமையாளர் என்ற இடத்தில் இப்போது ஒரு ஆளை எழுதலாம், நாலு குடும்பத்தை எழுதலாம், லயத்தை எழுதலாம். எதுவும் எழுதாமலும் விடலாம்; இருப்பிடத்தையும் அப்படியே. பொருள் வெளியே போயிருந்தால் மாமியார் 'கடன் கொடுக்கப்பட்டது' என்று காட்டுவாள். அதை மாற்றி என்ன போடலாம் என்று கேட்டேன்.

"பெரட்டுக்குப் போயிருக்குன்னு போடுங்க" என்றார் டீச்சர். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை முனியாண்டி வந்து திரையில் 'மூன்றாம் லயம்' என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். தப்பைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள், சாப்பிடப் போய்விட்டார்கள். துரை மட்டும் கிளாக்கரோடு பின்தங்கினார். திரையைக் காட்டி மெதுவாகத்தான் பேசினார்.

கிளாக்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பிள்ளை, துரை கோவமா இல்லை. ஆனால் தோட்டத்துச் சொத்து எண்டு இருந்தாத்தான் அறையை விட மேலிடம் சம்மதிக்குமாம். ஆக்களின்ர சாமானுக்குத் தோட்டத்துக் கட்டடம் குடுக்க ஏலாதாம். முந்தி இருந்த மாதிரி மாத்தி விடச் சொல்லுறார். ஒரு சொல்லுத்தானே?"

ஒரு சொல்தான். விசைப்பலகை என் முன்னால்தான் இருந்தது. மாற்றிவிடுங்கள் டீச்சர், பிறகு நமக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத் துடித்தேன். டீச்சர் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

"வாக்குக் குடுத்திருக்கேங்க ஐயா. தொரைகிட்ட சொல்லுங்க, அறைய எடுத்துக்கட்டும்."

சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான்கு வருட அழுகை அது. நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்? துரை தலையைக் குனிந்துகொண்டே போனார். சற்று நேரத்தில் ஒவ்வொருவராக வந்து கம்பளியை, கத்தியை, உரலை எடுத்துப் போனார்கள். தகரப்பெட்டிக்கு மட்டும் ஆளில்லை. அதை டீச்சர் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் ரயிலுக்கு முன்னால், முதலாளி கடைக்குப் பக்கத்து நெட் கபேயில் உட்கார்ந்து, சனிக்கிழமை இரவு அங்கிருந்தே நான் இணையத்தில் ஏற்றியிருந்த மாமியாரின் வெப்சைட்டை மூடிவிடலாமென்று திறந்தேன். வழியனுப்ப வந்த டீச்சர் என் கையைத் தட்டிவிட்டார்.

"எதுக்கு மூடுறீங்க? சாமான் எங்கயும் போகலியே. அறைதானே போச்சு? எடத்த மாத்துங்க."

இருப்பிடம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 'பிள்ளைக் காம்பரா' என்றிருந்தது. அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன். உரல், மாரியாயி வீட்டு வாசல். குத்துவிளக்கு, இரண்டாம் லயம், தங்கம்மா வீடு. கம்பளி, தகரப்பெட்டி, கத்தி. "பாக்க வர்றவங்க அந்த வீட்டுலயே பாக்கட்டும், டீயும் குடிக்கட்டும்னு கீழ எழுதுங்க" என்றார். எழுதினேன். இந்தியாவுக்குப் போய்விட்ட சொந்தக்காரர்கள் வெப்சைட்டைப் பார்த்தால் யார் வீட்டுக்கு வரவேண்டும் என்று தெரியுமாம்.

கடைசியில் தப்பு வந்தது.

"முனியாண்டி வீடா டீச்சர்?"

"இல்ல சார். அவரு வீட்டுல தங்காது அது. எந்த வீட்டுல சாவோ, திருவிழாவோ, அங்க இருக்கும். எடம் போடாதீங்க."

வெற்றாக விட்டு அழுத்தினேன். மாமியார் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.